கல்லீரலில் மறைந்திருக்கும் ஏடு

பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டு வெளிமாநிலங்களில் வாழும் நம்மவருக்குத் தம் உடம்பைப் பற்றிய செய்தி சில வேளைகளில் எதிர்பாராத இடத்திலிருந்து வந்து சேர்கிறது. தொழிற்சாலையில் இரத்ததான முகாம் நடைபெறுகிறது. நண்பர்களோடு ஒருவர் சென்று இரத்தம் கொடுத்துவிட்டு வருகிறார். சில நாட்களுக்குப் பின், "உங்கள் இரத்தத்தில் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருப்பதாகத் தெரிகிறது, மருத்துவரிடம் செல்லுங்கள்" என்று அவருக்குத் தகவல் வருகிறது. இன்னொருவர் வெளிநாட்டு வேலைக்காகச் செய்துகொண்ட பரிசோதனையில் இதனை அறிகிறார். கருவுற்ற காலத்துப் பரிசோதனையில் அறியும் பெண்களும் உண்டு. இவர்களுள் பெரும்பாலோர்க்கு உடம்பில் ஒரு குறையும் தோன்றியிராது. கண் மஞ்சளாகவில்லை, பசி குன்றவில்லை, வேலைக்குச் செல்ல ஒரு நாளும் தவறியதில்லை. "எனக்கா நோய்?" என்று அவர்கள் திகைப்பது இயல்பே.

இந்நோயை உண்டாக்கும் வைரஸ் எவ்வாறு உருமாறுகிறது, அம்மாற்றத்தினால் மருந்து எவ்வாறு பயனற்றுப் போகிறது என்பவற்றைப் பற்றி இன்று சிறிது பேச எண்ணுகிறேன். ஊர் விட்டு ஊர் மாறி வாழ்வோர் இதனைச் சற்றுக் கூடுதலான கவனத்தோடு அறிந்துகொள்ள வேண்டும். அதற்குரிய காரணம் பேச்சின் போக்கில் விளங்கும்.

மஞ்சட்காமாலை என்ற ஒரே பெயரால் நாம் பல நோய்களைக் குறிக்கிறோம். அசுத்தமான நீராலும் உணவாலும் வரும் காமாலை வேறு. நாம் இன்று பேசும் நோய் வேறு. ஹெபடைடிஸ் பி வைரஸ் இரத்தத்தின் வழியாகவும், உடலுறவின் வழியாகவும், பிள்ளைப்பேற்றின்போது தாயிடமிருந்து சேய்க்கும் பரவுவது. சுத்தம் செய்யப்படாத ஊசியும், பலருக்கும் பயன்படும் சவரக் கத்தியும் இதனைப் பரப்ப வல்லவை. சேர்ந்து உண்பதாலோ, கைகுலுக்குவதாலோ, ஒரே அறையில் வசிப்பதாலோ இது பரவுவதில்லை. ஆகையால் இந்நோயுடையாரை ஒதுக்கி வைப்பதற்கு ஒரு நியாயமும் இல்லை.

வயது வந்த ஒருவரை இவ்வைரஸ் பற்றுமானால், நூற்றுக்கு 95 பேருக்கு மேல் சில மாதங்களில் தாமாகவே அதனை வென்றுவிடுகிறார்கள். பிறந்த குழந்தையைப் பற்றுமானால் நிலைமை தலைகீழாகிறது. நூற்றுக்கு ஏறத்தாழ 90 குழந்தைகளின் உடலில் அது நிலைத்துத் தங்கிவிடுகிறது. ஆறு மாதங்களுக்கு மேலும் வைரஸ் நீங்காதிருந்தால் அதனை நாட்பட்ட நோய் என்கிறோம். பல்லாண்டுகள் ஓசையின்றி இருந்து, பிறகு சிலருக்கு ஈரல் தழும்பேறிச் சுருங்கவும், சிலருக்கு ஈரலிற் புற்றுநோய் தோன்றவும் அது காரணமாகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் உலகில் 25 கோடியே 40 லட்சம் பேர் இந்நாட்பட்ட நோயுடன் வாழ்ந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 3 கோடிப் பேர் இந்தியர்.

இந்த வைரஸ் கண்டறியப்பட்ட வரலாறு சுவையானது. அமெரிக்க விஞ்ஞானியாகிய பாருக் புளூம்பெர்க், காமாலையைத் தேடிப் புறப்பட்டவர் அல்லர். பல நாட்டு மக்களின் இரத்தம் எவ்வெவ்வகையில் வேறுபடுகிறது என்பதையே அவர் ஆராய்ந்துவந்தார். ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவருடைய இரத்தத்தில் அவரும் அவருடைய குழுவினரும் ஒரு புதிய புரதத்தைக் கண்டு, 1965இல் அதனைப் பற்றி எழுதினர். 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று பெயர் பெற்ற அப்புரதம் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறை என்பது பின்னரே தெளிவாயிற்று. 1970இல் டேன் என்பவர் தலைமையில் லண்டன் ஆராய்ச்சியாளர்கள் எலக்ட்ரான் நுண்பெருக்கியில் முழு வைரஸையும் கண்டனர். புளூம்பெர்குக்கு 1976இல் நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய பிறந்த நாளாகிய ஜூலை 28 இன்று உலக ஹெபடைடிஸ் தினமாகக் கொள்ளப்படுகிறது.

இனி, அவ்வைரஸின் உட்பொருளைப் பார்ப்போம். அதன் நடுவே டி.என்.ஏ. என்னும் மரபுப்பொருள் வளையமாக அமைந்திருக்கிறது. அதனை ஓர் ஏட்டுச்சுவடி என்று வைத்துக்கொள்ளலாம். மிகச் சிறிய சுவடிதான்; சுமார் 3,200 எழுத்துக்களே அதில் உண்டு. பழைய ஏடுகளில் புள்ளியும் இராது. சொற்களுக்கிடையே இடைவெளியும் இராது. ஒரே எழுத்து வரிசையை ஒருவர் ஒருவகையாகவும் மற்றொருவர் வேறுவகையாகவும் பிரித்துப் படிக்கக்கூடும். இந்த வைரஸின் ஏடும் அத்தகையதே. ஒரே பகுதியை ஒருவகையிற் படித்தால் மேலுறை செய்யும் முறை கிடைக்கிறது. சற்றுத் தள்ளித் தொடங்கிப் படித்தால், ஏட்டைப் படியெடுக்கும் நொதியைச் செய்யும் முறை கிடைக்கிறது. இடம் குறைவாயிருந்தும் அவ்வளவு செய்தியையும் அதில் அடக்கியிருக்கிறது இயற்கை.

வைரஸ் ஈரலின் உயிரணுவுக்குள் புகுந்ததும், அவ்வணுவின் நடுக்கருவில் இந்த ஏட்டை நிலையாக வைத்துவிடுகிறது. இதனை மூல ஏடு என்போம். மூல ஏட்டிலிருந்து முதலில் ஆர்.என்.ஏ. என்னும் நகல் ஒன்று எழுகிறது. அந்த நகலைப் பார்த்து, வைரஸுக்கே உரிய நொதி ஒன்று மீண்டும் டி.என்.ஏ.வாக எழுதுகிறது. இந்நொதியே இங்கு ஏடெழுதுவோன். நம் உடலின் உயிரணுக்களில் படியெடுக்கும் நொதிகள், எழுதியதைத் திரும்பப் பார்த்துப் பிழை திருத்தும் ஆற்றல் உடையவை. வைரஸின் ஏடெழுதுவோனுக்கோ அந்த ஆற்றல் இல்லை. எழுதியது எழுதியதுதான். நோய் மிகுந்தவர் உடலில் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் கோடி புதிய வைரஸ்கள் வரை உண்டாகலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அத்தனை படிகளிலும் பிழை நேராதிருக்க முடியுமா? பெரும்பாலான பிழைகள் வைரஸுக்கே கேடாக முடிந்து அழிந்து போகின்றன. எஞ்சியவை பாடபேதங்களாக நிலைபெறுகின்றன.

ஒரே நூலின் சுவடிகள் ஒரு நாட்டில் ஒரு பாடத்தோடும் மற்றொரு நாட்டில் வேறு பாடத்தோடும் வழங்குவதுபோல, இந்த வைரஸும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் பல கிளைகளாகப் பிரிந்திருக்கிறது. 4,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைய மனித எலும்புகளிலிருந்து இவ்வைரஸின் மரபுப்பொருளைப் பிரித்தெடுத்து 2018இல் விஞ்ஞானிகள் படித்திருக்கிறார்கள். இன்றுள்ள கிளைகளை மரபுவகைகள் என்பர். இரு ஏடுகளின் எழுத்துக்கள் நூற்றுக்கு எட்டுக்கு மேல் வேறுபட்டால் அவை இரு மரபுவகைகள் என்று கொள்ளப்படும். 1988இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் நான்கு வகைகளைப் பிரித்துக் காட்டினர். பிற்பாடு அவை எட்டாயின. ஆங்கில எழுத்து வரிசையில் 'ஏ' முதல் 'எச்' வரை அவற்றுக்குப் பெயர். மேலும் இரண்டு வகைகளையும் சேர்க்க வேண்டும் என்பார் உளர். இங்கே ஒரு குழப்பம் நேரலாம். ஹெபடைடிஸ் ஏ, பி, சி என்பவை வெவ்வேறு வைரஸ்களின் பெயர்கள். நாம் சொல்லும் வகைகளோ ஹெபடைடிஸ் பி என்ற ஒன்றன் உட்பிரிவுகளே.

பி, சி வகைகள் கிழக்கு ஆசியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் மிகுதி. 'இ' வகை மேற்கு ஆப்பிரிக்காவுக்கு உரியது. 'எஃப்', 'எச்' வகைகள் அமெரிக்கக் கண்டங்களில் வழங்குகின்றன. நம் இந்தியாவில் பெரும்பாலும் காணப்படுவது 'டி' வகை. அடுத்தது 'ஏ' வகை. கிழக்குப் பகுதியிலும் வடகிழக்கிலும் 'சி' வகையும் கலந்து காணப்படுகிறது. மனிதர் எவ்வழிச் சென்றனரோ அவ்வழியே வைரஸும் சென்றிருக்கிறது.

இந்த வேறுபாட்டினால் நோயாளிக்கு என்ன என்று கேட்கலாம். இரண்டு செய்திகள் உண்டு. இன்டர்ஃபெரான் என்னும் ஊசி மருந்து 'ஏ' வகைக்கு நன்கு பயன்படுகிறது. 'டி' வகைக்கு அத்துணைப் பயன் தருவதில்லை. இது ஒன்று. மற்றொன்று நம் நாட்டவருக்கு மிகவும் வேண்டியது. வைரஸ் மும்முரமாகப் பெருகும்போது 'இ ஆன்டிஜென்' என்னும் புரதத்தையும் இரத்தத்தில் விடுவது வழக்கம். அப்புரதம் மறைந்தால் வைரஸ் அடங்கிவிட்டது என்று முன்பு கருதினார்கள். ஆனால் ஏட்டில் ஒரே ஓர் எழுத்து மாறுவதால் அப்புரதம் உண்டாகாமலே வைரஸ் பெருகக்கூடும். 'டி' வகையில் இம்மாற்றம் சாதாரணமாக நிகழ்கிறது. ஆகவே 'இ ஆன்டிஜென் இல்லை' என்ற ஒரு வரியைப் பார்த்து மகிழ்ந்து வைத்தியத்தைக் கைவிடுதல் தவறு. இரத்தத்தில் வைரஸ் டி.என்.ஏ. எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இப்போது மருந்துக்கு வருவோம். 1998இல் லாமிவுடின் என்ற மாத்திரை இந்நோய்க்கு அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டது. அது செயற்படும் விதம் எளிது. டி.என்.ஏ.வின் எழுத்துக்களுள் ஒன்றைப் போலவே தோற்றமளிக்கும் போலி எழுத்து அது. ஏடெழுதுவோன் ஏமாந்து அப்போலி எழுத்தை எடுத்து வைத்ததும், அதற்கு மேல் ஓர் எழுத்தும் எழுத முடியாமல் வரி அங்கேயே நின்றுவிடும். நாள்தோறும் ஒரு மாத்திரை; தொல்லையும் மிகக் குறைவு. நோயாளிகளின் இரத்தத்தில் வைரஸ் விரைவாகக் குறைந்தது. மருத்துவ உலகம் பெரிதும் மகிழ்ந்தது.

அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. ஓராண்டு முடிவில் நூற்றுக்கு ஏறத்தாழ 20 பேரிடமும், ஐந்தாண்டு முடிவில் 60 முதல் 70 பேரிடமும் மருந்துக்கு அடங்காத வைரஸ் தோன்றிற்று. நடந்தது என்ன? ஏடெழுதும் நொதியைச் செய்யும் முறையும் அந்த ஏட்டில்தான் எழுதப்பட்டிருக்கிறது அல்லவா? அங்கே நேரும் ஒரு பிழையால் அந்நொதியின் 204ஆம் இடத்திலுள்ள அமினோ அமிலம் மாறிவிடுகிறது. அதனால் நொதியின் வடிவம் சிறிதே திரிகிறது. அத்திரிபு போதும், போலி எழுத்து அதன் கையில் அமர்வதில்லை. மருந்து இல்லாத காலத்தில் இப்படி மாறிய வைரஸ் சற்று மந்தமானது; மற்றவற்றோடு போட்டியிட முடியாமல் ஒரு மூலையில் கிடக்கும். மருந்து வந்து மற்றவற்றை அடக்கியதும், வயல் முழுவதும் அதற்கே உரியதாகிறது. வேறோர் இடத்தில் நிகழும் இரண்டாம் பிழை அதன் மந்தத்தையும் ஓரளவு போக்கிவிடுகிறது. மருந்து புதிய பகையை உண்டாக்கவில்லை. கூட்டத்தில் இருந்த ஒன்றனுக்கு வழி விட்டது. அவ்வளவே.

மாத்திரையை ஒழுங்காக உண்பவரிடத்திலும் லாமிவுடினுக்கு இந்நிலை நேர்ந்தது. விட்டு விட்டு உண்பவரிடத்தில் எந்த மருந்துக்கும் இதற்கு வாய்ப்பு மிகுதி. வைரஸ் முற்றும் அடங்காமல் அரைகுறையாகப் பெருகும்போதெல்லாம், மருந்தின் எதிரிலேயே புதிய படிகள் எழுதப்படுகின்றன. புதிய பிழைகளும் பிறக்கின்றன.

பின்னர் வேறு மருந்துகள் வந்தன. 2005இல் என்டெகாவிரும், 2008இல் டெனோஃபோவிரும் இந்நோய்க்கு அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றன. இவை வைரஸை மிக நன்றாக அடக்குகின்றன. இவற்றிலிருந்து தப்ப ஒரு பிழை போதாது, பல பிழைகள் ஒருங்கே நேர வேண்டும். முன்பு எம்மருந்தும் உண்ணாதவருக்கு என்டெகாவிர் கொடுத்தால், ஐந்தாண்டில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவரிடமே எதிர்ப்பு தோன்றுகிறது. லாமிவுடினுக்கு அடங்காத வைரஸ் உடையவருக்கு அதே மருந்தைக் கொடுத்தாலோ, ஐந்தாண்டில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் எதிர்ப்பு தோன்றுகிறது. ஏன்? தப்புவதற்கு வேண்டிய முதற் பிழைகளை லாமிவுடின் காலத்திலேயே வைரஸ் பெற்றுவிட்டது. மீதியைப் பெறுவது எளிதாகிறது. அத்தகையவருக்கு டெனோஃபோவிரே ஏற்றது.

நேயர்களே, இந்தப் பேச்சின் உயிர்நாடி இதுதான். இன்றுள்ள மாத்திரைகள் புதிய படிகள் எழுதப்படுவதைத் தடுக்கின்றனவேயன்றி, ஈரலின் உயிரணுவுக்குள் இருக்கும் மூல ஏட்டை அழிப்பதில்லை. ஒரு மருந்தை எதிர்க்கக் கற்ற வைரஸின் படியும் அங்கே மூல ஏடாகச் சேர்ந்துவிடக்கூடும். அம்மருந்தை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆனபின்னும், இரத்தத்தில் அதன் சுவடு தெரியாதபோதும், அது அங்கே இருக்கும். அதே மருந்து திரும்பி வந்தால் எழுந்துவிடும். நாம் உண்ட மருந்துகளை நாம் மறந்து போகலாம். வைரஸ் மறப்பதில்லை.

நம் குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். சென்னையில் இருக்கும்போது ஒருவருக்கு நோய் தெரிந்து லாமிவுடின் கொடுக்கப்படுகிறது. வேலை மாற்றத்தால் புனே செல்கிறார். வீடு மாற்றும் அமளியில் மருந்துச் சீட்டு எங்கோ போய்விடுகிறது. உடம்பு நன்றாயிருப்பதால் மாத்திரையும் நின்றுவிடுகிறது. நான்கு ஆண்டுகள் கழித்துக் கொல்கத்தாவில் புதிய மருத்துவரிடம் செல்கிறார். "முன்பு ஏதேனும் மருந்து உண்டீர்களா?" என்று அவர் கேட்கிறார். "ஏதோ வெள்ளை மாத்திரை, சிலகாலம் சாப்பிட்டேன்" என்பதே விடை. அந்த மாத்திரையின் பெயர் தெரிந்தால் எதனைக் கொடுக்கலாம், எதனைக் கொடுக்கலாகாது என்று மருத்துவர் உடனே தெளிவார். தெரியாமையால், புதிதாக நோய் கண்டவரைப் போல எண்ணி மருந்து கொடுக்க நேர்கிறது. மொழி தெரியாத ஊரில் இந்த இடர் இன்னும் பெரிது. ஊர் மாறி வாழ்வோருக்குக் கூடுதல் கவனம் வேண்டும் என்று தொடக்கத்திற் சொன்னது இதனாலேயே.

ஆகவே சில காரியங்களைச் செய்துகொள்ளுங்கள். நோய் எப்போது தெரிந்தது, எந்தெந்த மருந்து எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் வரை உண்ணப்பட்டது, டி.என்.ஏ. அளவும் ஈரல் சோதனைகளும் ஒவ்வொரு முறையும் என்ன காட்டின என்பவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவையுங்கள். சீட்டுகளைக் கைப்பேசியிற் படம் எடுத்தும் வைக்கலாம். குடும்ப அட்டையைப் போல அது உங்களோடு ஊர் ஊராக வரட்டும். எச்.ஐ.வி. நோய்க்கு மருந்து உண்பவர்கள் அதனையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அக்கூட்டு மருந்துகளிலும் லாமிவுடின் உண்டு. புற்றுநோய்க்கோ வேறு நோய்க்கோ உடலின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து தொடங்கும்போதும் இந்த வைரஸைப் பற்றி முன்னரே தெரிவிக்க வேண்டும். அடங்கியிருந்த வைரஸ் அப்போது கிளர்ந்தெழக்கூடும்.

ஊருக்குச் செல்லும்போது திரும்பும் நாள் வரைக்கும் போதுமான மாத்திரையை எடுத்துச் செல்லுங்கள். நலமாயிருக்கிறது என்று நீங்களாக நிறுத்த வேண்டாம். திடீரென நிறுத்தினால் வைரஸ் பன்மடங்காகப் பெருகி, ஈரல் கடுமையாக அழற்சியுற்று, உயிருக்கே ஆபத்து நேர்வதும் உண்டு. வைரஸ் இருப்பவர் அனைவருக்கும் உடனே மாத்திரை வேண்டும் என்பதில்லை. அதனை மருத்துவர் முடிவு செய்வார். ஆனால் மாத்திரை வேண்டாதவருக்கும் குறித்த காலத்துச் சோதனை வேண்டும். உண்டுவரும்போது, குறைந்திருந்த டி.என்.ஏ. அளவு பத்து மடங்கோ அதற்கு மேலோ திரும்ப உயர்ந்தால் மருந்தெதிர்ப்போ என்று ஐயுற வேண்டும். அப்போது மருத்துவர் கேட்கும் முதற் கேள்வி, மாத்திரையைத் தவறாமல் உண்டீர்களா என்பதே. கூச்சப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். இரண்டு வாரம் விட்டுப்போனதை மறைத்தால், தேவையின்றி மருந்து மாற்றப்படும்.

கீழாநெல்லியைப் பற்றி ஒரு சொல். ஊரிலிருந்து அம்மாவோ அத்தையோ காயவைத்து அன்போடு அனுப்புவது அது. அதனை விஞ்ஞானிகள் அலட்சியம் செய்துவிடவில்லை. 1988இல் சென்னை ஆராய்ச்சியாளர்கள், முன்னே சொன்ன புளூம்பெர்குடன் சேர்ந்து அதனைச் சோதித்து, பலரிடம் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்ததாக எழுதினர். உலகமே அதனை ஆவலோடு நோக்கிற்று. ஆயினும் பின்னர்ப் பிற நாடுகளில் நடந்த சோதனைகளில் அப்பயன் உறுதிப்படவில்லை. ஆகையால் கீழாநெல்லியை நம்பி மாத்திரையை நிறுத்துவது தகாது. எதனை உண்பதாயினும் மருத்துவருக்குத் தெரிவித்து உண்ணுங்கள்.

பணம் இல்லையே என்ற கவலையால் மாத்திரையை நிறுத்துவோரும் உண்டு. 2018ஆம் ஆண்டு ஜூலை 28 அன்று மத்திய அரசு தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கிற்று. அதன்படி அரசு மருத்துவமனைகளிலுள்ள சிகிச்சை மையங்களில் சோதனையும் மருந்தும் இலவசமாகக் கிடைக்கின்றன. நீங்கள் இருக்கும் மாவட்டத்தின் அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள்.

இறுதியாகக் குழந்தைகளைப் பற்றி. மருந்தை எதிர்க்கும் வைரஸ் தோன்றாதிருக்கத் தலைசிறந்த வழி, வைரஸே குழந்தையை அணுகாமற் செய்வது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசியும், தொடர்ந்து மற்ற ஊசிகளும் போட வேண்டும். இந்தியாவில் இத்தடுப்பூசி 2002இல் சில இடங்களில் தொடங்கி, 2011இல் நாடு முழுவதற்கும் விரிந்தது. தாய்க்கு வைரஸ் இருந்தால், அதனை முன்கூட்டியே மருத்துவரிடம் சொன்னால், வைரஸ் மிகுந்த தாய்க்குக் கருக்காலத்தின் பிற்பகுதியில் டெனோஃபோவிரும், பிறந்த சேய்க்கு ஊசியோடு இம்யூனோகுளோபுலினும் கொடுத்துக் காக்கலாம். மேலுறையில் மாறுதல் பெற்றுத் தடுப்பூசிக்குத் தப்பும் வைரஸ்களும் அரிதாக உண்டு. 1990இல் இத்தாலியில் அத்தகைய ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஆயினும் தடுப்பூசியின் மதிப்பு அதனாற் குறைந்துவிடவில்லை. குழந்தைகளைக் காக்கும் அரண் இன்றும் அதுவே.

பிழை மலிந்த ஏட்டை வைத்துக்கொண்டு இந்த வைரஸ் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மனிதனோடு நடந்து வந்திருக்கிறது. அதன் ஏட்டை நம்மால் இன்னும் அழிக்க முடியவில்லை. ஆனால் நம்முடைய ஏட்டைப் பிழையின்றி எழுதி வைத்துக்கொள்ள நம்மால் முடியும். இன்றிரவே பழைய சீட்டுகளைத் தேடி எடுங்கள். மருந்தின் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். எந்த ஊரில் எந்த மருத்துவரிடம் சென்றாலும், அந்த நோட்டுப் புத்தகம் உங்களுக்காகப் பேசும்.